பட்டை கருகிய தேக்கை இப்போதே விற்கலாமா?

கேள்வி: எங்கள் 20 வயதுத் தேக்குத் தோப்பில் கோடைத் தீ புகுந்துவிட்டது. அடிப்பட்டை கரியாகிவிட்டது, ஓர் இலை இல்லை. "ஒரு மாதத்தில் உளுத்துப்போகும், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்கிறார் வியாபாரி. என்ன செய்வது?

பதில்: இப்போது விற்காதீர்கள். தேக்கு கோடையில் எப்படியும் இலையுதிர்த்துத்தான் நிற்கும். பட்டை கருத்ததும் சாவுக்கு அடையாளமல்ல. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்றொரு மெல்லிய படலம் உண்டு. மரத்தின் உயிர் அதில். சுமார் 60 டிகிரி சூடு பட்டால் அது செத்துவிடும். பட்டை தடிமனாக இருந்தால் சூடு அதுவரை எட்டாது.

தீ பட்டு மூன்று நான்கு வாரம் போகட்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், நான்கு பக்கமும் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பட்டையைக் கத்தியால் பெயர்த்துப் பாருங்கள். காற்று வந்த பக்கத்தைவிட எதிர்ப்பக்கம்தான் அதிகம் வெந்திருக்கும். தீ அங்கே சுழன்று நிற்கும். பெயர்த்த பட்டைக்கு அடியில் ஈரமாக, வெளுப்பாக இருந்தால் உயிர். பழுப்பேறி, காய்ந்து, புளித்த வாடை அடித்தால் செத்தது. மூன்று பக்கம் செத்த மரத்தை வெட்டலாம். ஒன்று, இரண்டு என்றால் விட்டுவையுங்கள். காயத்தில் தார் பூசாதீர்கள். அழுகலை அது தடுக்காது.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். நான்கு பக்கமும் செத்த மரம்கூட முதல் மழைக்குத் துளிர்க்கும். வேரிலிருந்து தண்ணீர் கட்டை வழியே மேலே ஏறும், அது நிற்கவில்லை. இலை சமைத்த உணவு பட்டை வழியேதான் கீழே இறங்க வேண்டும். அந்த வழி அறுந்துவிட்டது. வேர் பட்டினி கிடந்து, ஓரிரு பருவத்தில் மரம் நின்றபடியே காயும். ஆகவே துளிரைப் பார்த்துக் கணக்கெடுக்காதீர்கள், அடிப்பட்டையைப் பாருங்கள். தீ அணைந்த வாரமே வந்து, ஒரு பட்டையைக்கூடத் திறக்காமல் "எரிந்த மரம்" என்று எழுதிப்போகும் சேதப் பட்டியலால் யாருக்கு என்ன பயன்?

உளுத்துப்போகும் என்ற பேச்சுக்கு வருவோம். பட்டையை ஒட்டிய வெளிர்க் கட்டையான வெள்ளையில் பூச்சி விழும், உண்மை. நடுவே இருக்கும் கெட்டிக் கட்டையான வைரம் அவ்வளவு எளிதில் கெடாது. பர்மாவில் தேக்கின் அடியைச் சுற்றி வெட்டிக் கொன்று, இரண்டு மூன்று ஆண்டு நின்றபடி காயவிட்டுத்தான் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டார்கள்.

விற்கும்போது கால் சுற்றளவுக் கணக்கைக் கவனியுங்கள். சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அளவு சொல்லும் முறை அது. 80 செ.மீ. சுற்றளவு, 3 மீட்டர் நீளக் கட்டைக்கு அந்தக் கணக்கில் வருவது 0.12 கனமீட்டர். உண்மையில் இருப்பது ஏறக்குறைய 0.153. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. அதன்மேல் "தீக்கழிவு" என்று இன்னும் பிடிப்பார்கள். கரி பட்டையோடு நின்றிருந்தால் கட்டைக்குக் கழிவே கிடையாது.

தோப்பை மொத்தமாகப் பேசவே பேசாதீர்கள். வெட்ட வேண்டிய மரத்துக்கு மட்டும் பெயின்டில் எண் போடுங்கள்: நெஞ்சுயரத்தில் ஒன்று, அறுக்கும் இடத்துக்குக் கீழே அதே எண் இன்னொன்று. லாரி போன பிறகு எண் இல்லாத அடிக்கட்டை ஒன்று நின்றாலும், நல்ல மரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.