ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ராசஸரை ஓவர்க்ளாக் செய்யப் போகிறேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டப் போகிறேன். 7200 வேக ரேம் எடுக்கலாமா, ரேம் மாட்டும் நாலு ஸ்லாட்டையும் நிரப்பலாமா? ஊர் வேலூர்.

இரண்டுமே வேண்டாம். டிடிஆர்5 ரேமில் 6000 வேகம், சிஎல்30 (சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் தாமதம், குறைந்தால் நல்லது), எக்ஸ்போ ப்ரொஃபைல் (அந்த வேகத்தை பயாஸில் ஒரே தேர்வில் ஏற்றிவிடும் ஏஎம்டி அமைப்பு) உள்ளதாக, ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிபி கிட் எடுங்கள். இந்த ப்ராசஸரில் ரேம் வேகம் 6000-6400-ஐத் தாண்டினால், உள்ளே ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் பெரும்பாலும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வேகம் அதிலேயே போய்விடும். நாலு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உத்தரவாதம் தருவது 3600 மட்டும்தான். இரண்டுக்கு 5200. அதற்கு மேல் எது ஓடினாலும், எக்ஸ்போ உட்பட, ஓவர்க்ளாக் கணக்குதான்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வரும். 6000 சிஎல்30 என்றால் 10. அதே 6000 சிஎல்40 என்றால் 13-க்கு மேல். கடையில் இரண்டையும் "6000 ரேம்" என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே நீங்கள் ஊர் பெயரைச் சொன்னதால்தான்.

உங்கள் வேலூரிலேயே, சத்துவாச்சாரியில் என் நண்பர் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறார். வைகாசி முகூர்த்த நேரம், கை நிறைய வேலை. மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெண்டர் (முடித்த வீடியோவை ஃபைலாக்கும் வேலை) போட்டால் புளூ ஸ்கிரீன் வந்து கம்ப்யூட்டர் நின்றுவிடும், ராத்திரி போட்டால் ஒன்றும் ஆகாது. அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரர் விண்டோஸை மாற்றினார், பிறகு கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றச் சொல்லிப் பணம் வாங்கினார். கடைசியில் நான் போய் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு ஓட்டினேன். காலையில் சுத்தமாக வந்தது. நான் விடவில்லை. கேபினட்டை மூடி, அறை நன்றாகச் சூடேறிய பிறகு மத்தியானம் மறுபடி ஓட்டினேன். சிவப்புச் சிவப்பாக எரர் கொட்டியது.

மதர்போர்டின் செட்டிங் பக்கமான பயாஸைத் திறந்து பார்த்தால், 3600 டிடிஆர்4 கிட்டை 4000-க்கு ஏற்றி, 1.35 வோல்ட்டில் ஓட வேண்டியதற்கு 1.5 கொடுத்திருந்தார்கள். ரெஃப்ரெஷ் இடைவெளியைத் தீர்மானிக்கும் டிரெஃபி (tREFI) 65535. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெபாசிட்டரில் இருக்கும் சார்ஜ்தான். அது கசியும், அதனால் அதை மறுபடி நிரப்பும் ரெஃப்ரெஷ் கட்டளை 7.8 மைக்ரோ நொடிக்கு ஒரு தரம் போக வேண்டும். டிரெஃபியைக் கூட்டினால் அந்த இடைவெளி நீளும், இங்கே ஏறத்தாழ நாலு மடங்கு நீண்டிருந்தது. சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். வோல்ட்டேஜைக் குறைத்து, டிரெஃபியைப் பழைய அளவுக்கே விட்டு, ஸ்டிக்குகளுக்கு நேராக ஒரு ஃபேன் வைத்தேன். அதற்குப் பிறகு மத்தியான ரெண்டர் ஒன்றுகூட நிற்கவில்லை.

"நான் 1.5-லதான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகலையே" என்று சிலர் கீழே எழுதலாம். ஏசி அறையில் ஓடும், நான் மறுக்கவில்லை. நான் பேசுவது மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையைப் பற்றி. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு ஓனரிடம் மாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கேட்டேன். செலவு முழுக்க நானே போடுகிறேன் என்றும் சொன்னேன். "அப்புறம் வாடகையில கழிப்பீங்க" என்கிறார். வருஷா வருஷம் வாடகை ஏற்ற மட்டும் மறப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கும் அந்தத் தளம் அனல் கக்குகிறது, குழந்தைகள் தூங்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிடிஆர்5-ல் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பவர் சிப்பும் ஸ்டிக்கிலேயே இருக்கிறது, அதனால் சூட்டை இன்னும் கவனிக்க வேண்டும். 1.35-லிருந்து 1.4 வோல்ட்டுக்குள் முடியும் கிட்டாகப் பாருங்கள். மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்தில் க்யூவிஎல் பட்டியல் (அவர்கள் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல்) இருக்கும், அதில் உங்கள் கிட்டின் முழு மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "ஒரே கம்பெனி, ஒரே ஸ்பீடு" என்று தனித்தனி ஸ்டிக் இரண்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிஷம் திரை கருப்பாகவே இருக்கும், புது ரேமுக்கு ஏற்ப போர்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் மெமரி ட்ரெயினிங் நடக்கிறது, பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு நாள் மத்தியானம், ஏசி இருந்தாலும் அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்டை நாலு பாஸும் (நாலு சுற்றும்) முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்தக் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.