ஹிமாலயன் உங்களிடம், ஆர்.சி. யார் பெயரில்?

காங்கயத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2019 மாடல் ஹிமாலயன் 411 பைக்கை ஆறு மாதம் முன்பு கோவையில் ஒரு புரோக்கரிடம் வாங்கினேன். சத்தமான சைலன்சர், ஃபாக் லைட், பெட்டி மாட்டும் ரேக், மிலிட்டரி பச்சை பெயின்ட் எல்லாம் முன்பே போட்டிருந்தது. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான். வால்பாறை, திம்பம் என்று அடிக்கடி போகிறேன். விபத்து என்றால் இந்த மாற்றங்களைக் காட்டி இன்சூரன்ஸை மறுப்பார்களா?"

ஆர்.சி. விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். முதலில் அதைப் பார்ப்போம்.

நீங்கள் யார் மேலாவது மோதினால், பாலிசி நடப்பில் இருக்கும்வரை, வண்டி கைமாறியதைக் காரணம் காட்டி அடிபட்டவருக்கான நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க முடியாது. உங்கள் வண்டிக்கு ஆன சேதம் வேறு கணக்கு. பாலிசிக்காரரிடம் வண்டி இல்லை, வண்டிக்காரரான உங்களிடம் பாலிசி இல்லை. க்ளெய்ம் நிற்காது. ஓனருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் பழைய ஓனருக்குத்தான். உங்கள் வீட்டுக்கு வராது. வண்டியை விற்ற மனிதர் பாலிசியைப் புதுப்பிப்பார் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

புரோக்கர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "29, 30 ஃபாரத்துல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேனுங்க, எப்ப வேணா மாத்திக்கலாங்க." பெயர் மாற்ற ஃபாரம்தான், ஆனால் வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டது. தன் பெயர் எங்கும் வராமல் வண்டியைக் கைமாற்ற அவருக்கு அது வசதி. நீங்கள் போய் நிற்கும்போது கையெழுத்து ஒத்துவராது, பழைய ஓனர் போனை எடுக்க மாட்டார், இல்லையென்றால் ஃபைனான்ஸ் பாக்கி ஆர்.சி.யில் அப்படியே இருக்கும். பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. உங்கள் புரோக்கரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்கு அபராதம் கட்டிவிட்டு இப்போதாவது செய்யுங்கள். ஆன்லைனில் பணம் கட்டி, காகிதங்களை ஏற்றிய பிறகும், அதையே பிரின்ட் எடுத்துக்கொண்டு கவுன்டரில் வந்து நில் என்பார்கள். கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இந்த லட்சணத்தில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றங்கள். சைலன்சரைக் கழற்றிவிடுங்கள். 'ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதை நம்பாதீர்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. ரேக், லைட் இரண்டின் பில்லையும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் காட்டிப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். லைட்டுக்கு ரிலேயும் ஃபியூஸும் இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

பச்சை பெயின்ட்தான் பெரிய வில்லங்கம். ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121. டிராக்டரைக்கூடப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். வண்டி தயாரித்த கம்பெனியே பச்சையில் விற்ற வண்டி வேறு. 2021-இல் ஹிமாலயன் 'பைன் கிரீன்' வந்தது, ஆர்.சி.யிலும் அந்த நிறமே இருக்கும், யாரும் கேட்க முடியாது. அந்தப் பச்சை ஓடுகிறதே, இது ஏன் ஓடக்கூடாது என்று வாதாடப் போகாதீர்கள். உங்களுடையது 2019 வண்டி, ஆர்.சி.யில் என்ன நிறம் என்று பார்த்து, பெயர் மாற்றப் போகும் முன்பே அதற்குத் திருப்புங்கள். வேறு நிறம் வேண்டுமென்றால் அனுமதி வாங்கிய பிறகு அடிக்கலாம்.

இதெல்லாம் முடியும்வரை வால்பாறை வேண்டாம். கம்பெனி சைலன்சரைப் புரோக்கரிடம் கேளுங்கள். அநேகமாகத் தனியாக விற்றிருப்பார். அப்படியென்றால் புதிதாக வாங்கும் செலவை அவரையே ஏற்கச் சொல்லுங்கள்.