மூன்று கருவி, மூன்று எண்: உப்புநீர்த் தொட்டியில் எதை நம்புவது?

கேள்வி: சென்னையில் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். கல், மணல் போக 180 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்த ரிஃப்ராக்டோமீட்டர் 35 பிபிடி (ஆயிரம் கிராம் உப்புநீரில் 35 கிராம் உப்பு) காட்டுகிறது. அதே தண்ணீரைக் கடையில் கொடுத்தால் அவர்களுடைய டிஜிட்டல் பேனா 33.5 என்கிறது. பழைய பிளாஸ்டிக் முள் ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி எண் (தூய தண்ணீரை 1 என்று வைத்த கனம்) 1.023 வருகிறது. எதை நம்பி உப்பு சேர்ப்பது?

பதில்: கடையின் பேனாவை. அதற்காக மற்ற இரண்டையும் தூக்கிப் போட வேண்டாம். அவை ஏன் தவறுகின்றன என்பதைக் கணக்காகவே காட்டிவிடலாம்.

இந்த மூன்று கருவிகளில் ஒன்றுகூட உப்பை நேரடியாக அளப்பதில்லை. ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறது. பேனா மின்கடத்துதிறனைப் பார்க்கிறது. ஹைட்ரோமீட்டர் தண்ணீரின் கனத்தைப் பார்க்கிறது. அதை உப்பளவாக மாற்றுவது கருவியில் அச்சிட்ட அளவுகோல். அந்த அளவுகோல் எந்த உப்புக்காகப் போடப்பட்டது என்பதில்தான் சிக்கல்.

மலிவு விலையில் கிடைக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்களில் பெரும்பாலானவை சமையலுப்புக் கரைசலுக்காக, அதாவது வெறும் சோடியம் குளோரைடுக்காகச் செய்யப்பட்டவை. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், சல்பேட் எல்லாம் உண்டு; அது ஒளியைச் சற்றுக் கூடுதலாக வளைக்கும். 35 பிபிடி கடல்நீர் ஒளியை வளைக்கும் அளவும் 36.5 பிபிடி சமையலுப்புக் கரைசல் வளைக்கும் அளவும் ஒன்று. ஆகவே தூய தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்த கருவி 35 என்று காட்டினால், உண்மையில் இருப்பது 33.6. கடைக்காரர் சொன்ன எண்ணும் ஏறத்தாழ அதுதான்.

உங்கள் கருவி எந்த வகை என்று கண்ணை வைத்துப் பார்த்தாலே தெரியும். வட்டத்துக்குள் பிபிடி, அடர்த்தி எண் என இரண்டு அளவுகோல்கள் இருக்கும். 35க்கு நேராக 1.025 இருந்தால் அது சமையலுப்புக் கருவி. 1.026ஐச் சற்றுத் தாண்டிய இடத்தில், 1.0264 அருகே 35 நின்றால் கடல்நீர்க் கருவி. ஆர்.ஓ. தண்ணீர் மோசமோ என்று சந்தேகப்பட வேண்டாம். 60 டிடிஎஸ் (லிட்டருக்கு 60 மில்லிகிராம் கரைந்த பொருள்) என்பது 0.06 பிபிடிதான், கண்ணுக்கே தெரியாது. தூய தண்ணீர் பூஜ்ஜியத்தை மட்டும்தான் சரி செய்யும், நாம் அளப்பதோ 35இல் என்பதே குறை. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் அளவுகோலின் சரிவு பிசகியிருந்தால் பூஜ்ஜியம் அதைக் காட்டிக்கொடுக்காது.

அதனால் 35லேயே சரிபார்க்க வேண்டும். அதற்கான கரைசலை வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் துல்லியமுள்ள சிறிய நகைத் தராசில் 3.65 கிராம் சோடியம் குளோரைடு, 96.35 கிராம் டிஸ்டில்டு வாட்டர். தண்ணீரையும் எடைபோட்டே எடுக்க வேண்டும். மில்லிலிட்டர் கணக்கு வேண்டாம். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் உப்பு நல்லது. அது இல்லையென்றால் பாக்கெட் தூள் உப்பைக் காய்ந்த வாணலியில் சிறுதீயில் பத்து நிமிடம் வறுத்து, மூடி ஆறவைத்து எடை போடுங்கள். நம் ஊர்க் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரமும் எடையில் சேர்ந்துவிடும். கல் உப்பு ஆகாது: ஈரமும் அதிகம், மக்னீசியமும் உண்டு. 0.1 கிராம் தராசில் 3.65 கிராமை அளந்தால் 1 பிபிடி வரை தவறலாம். சமையலறைத் தராசுதான் இருக்கிறது என்றால் அளவைப் பெருக்குங்கள்: 73 கிராம் உப்பு, 1927 கிராம் தண்ணீர். அப்போது ஒரு கிராம் பிசகினாலும் அரை பிபிடிக்குள் அடங்கும்.

கரைசல், கருவி, தொட்டித் தண்ணீர் மாதிரி மூன்றையும் ஒரே அறையில் அரை மணி நேரம் வையுங்கள். பட்டகத்தில், அதாவது கருவியின் முனையிலுள்ள கண்ணாடிப் பரப்பில், மூன்று நான்கு சொட்டு விட்டு, காற்றுக் குமிழி சிக்காமல் மூடியைச் சாய்த்து இறக்குங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். தொட்டியின் நீல விளக்கடியில் பார்க்காதீர்கள்; ஒளியின் நிறம் மாறினால் வளைவும் மாறும். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் வந்து நிற்கும்வரை திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். துடைத்துவிட்டுப் புதுச் சொட்டுகளோடு இன்னும் இரண்டு முறை பாருங்கள், மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

பலரும் கெடுத்துக்கொள்வது இதற்குப் பிறகுதான். சரிசெய்த கருவியில் தூய தண்ணீரை விட்டால் கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். சமையலுப்பு அளவுகோலில் அது அப்படித்தான் இருக்கும். ஐயோ தவறிவிட்டதே என்று மறுபடி திருகினால் செய்த வேலை அத்தனையும் போச்சு. கழுவிய ஈரம் பட்டகத்தில் மிச்சமிருந்தால் அடுத்த மாதிரி நீர்த்துப்போய் எண் குறையும். மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிடம் விட்டுவைத்த சொட்டு வற்றி எண்ணை ஏற்றிக் காட்டும். வெப்பத்தைத் தானே ஈடுகட்டும் என்று எழுதியிருந்தாலும், அது வழக்கமாக 10 முதல் 30 டிகிரிக்குள்தான். மே மாதப் பகலில் 35 டிகிரி அறையில் அளந்து குழம்ப வேண்டாம். காலையிலோ ஏசி அறையிலோ அளங்கள்.

இந்த 3.65 சதவீதக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுமே. இதை ஒரு பொதுக் கரைசலாக நினைத்து மின்கடத்துதிறன் பேனாவை இதில் சரிசெய்தால் பேனா கெட்ட எண்ணைத்தான் கற்றுக்கொள்ளும். 35 பிபிடி கடல்நீரின் கடத்துதிறன் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ். அதற்கு இணையான சமையலுப்புக் கரைசல் 3.29 சதவீதம்: 3.29 கிராம் உப்பு, 96.71 கிராம் தண்ணீர். ஹைட்ரோமீட்டருக்கு 3.71 கிராம், 96.29 கிராம். ஹன்னா நிறுவனத்தின் 98319 போன்ற பேனாவானால் அதற்கென விற்கும் 35 பிபிடி பாக்கெட்டை வாங்குவதே மேல். பிரித்த பாக்கெட்டை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. பேனா குறைத்துக் காட்டினால் முதலில் நுனியில் குமிழி இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். எண் நிலைக்க ஓரிரு நிமிடம் விடுங்கள். கடல்நீருக்கென்றே வரும் டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர்கள் விதிவிலக்கு. கடல்நீர்க் கணக்கு உள்ளேயே இருப்பதால் அவற்றைத் தூய தண்ணீரில்தான் பூஜ்ஜியம் செய்ய வேண்டும்.

கடற்கரையிலிருந்து எடுத்த நீரை 35 என்று வைத்துக்கொண்டு சரிபார்ப்பவர்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஆற்று நீர் கலந்து, நம் கரையோர உப்பளவு 30க்கும் கீழே போகக்கூடும். அது அளவுகோல் ஆகாது.

முள் ஹைட்ரோமீட்டரின் 1.023க்கு வருவோம். முள்ளில் படிந்த உப்பும் சுண்ணாம்பும் அதைக் கனமாக்கும். முள் தாழ்ந்து எண் குறையும். குமிழி ஒட்டினால் நேர்மாறாக, முள் ஏறி எண் கூடும். பாதி வினிகர், பாதி தண்ணீரில் அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள். பிறகு ஹைட்ரோமீட்டர் கரைசலைத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து நிரப்பி, தட்டிக் குமிழியை விரட்டி, முள் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அச்சிட்ட எண் எதுவானாலும் உங்களுக்கு 35 அந்தக் கோடுதான். அவசரச் சோதனைக்கு அது போதும்.

மிச்சக் கரைசலைச் சிறிய பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, பாட்டிலோடு எடைபோட்டுத் தேதியும் எடையும் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தி முடித்துப் புது எடையைக் குறியுங்கள். அடுத்த முறை திறக்குமுன் எடை குறைந்திருந்தால் ஆவியாகிப் போனது தண்ணீர்தான். 100 கிராமில் ஒரு கிராம் போனாலே கரைசல் ஏறத்தாழ 0.37 பிபிடி ஏறிவிடும். கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

இனி தொட்டி. 33.6ஐ 35 ஆக்க, 180 லிட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் உப்பு (சமையலுப்பு அல்ல, தொட்டிக்கான கடலுப்புக் கலவை) வேண்டும். உப்பை நேராகத் தொட்டியில் கொட்ட வேண்டாம். கரையாத துகள் பவளத்தில் விழுந்தால் சதையைச் சுட்டுவிடும். தினமும் ஆவியாவதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீருக்குப் பதிலாக, 35 பிபிடியில் கலந்த உப்புநீரை ஊற்றுங்கள். நாளுக்கு 3 லிட்டர் என்றால் 105 கிராம் உப்பு சேரும், உப்பளவு நாளுக்கு 0.6க்குள் ஏறும். தானியங்கி டாப்-அப் இருந்தால் அந்த நாட்களில் நிறுத்திவையுங்கள். இரண்டாம் நாள் ஊற்றி முடித்து, சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) தண்ணீர் வழக்கமான கோட்டில் நிற்கும்போது அளங்கள். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் அளந்தால் எண் கூடுதலாக வரும். இன்னும் குறைவாக இருந்தால் மட்டும் மூன்றாம் நாளும் உப்புநீர். 35 வந்ததும் ஆர்.ஓ.வுக்குத் திரும்புங்கள்.