நான்கு நட்சத்திர ஹோஸ்பிஸா, மூன்று நட்சத்திர ஹோஸ்பிஸா? புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி கேட்ட சகோதரியின் நிலைமை இது: அமெரிக்காவில் குடியேறிய அவருடைய அண்ணனுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது; இனிக் கீமோ வேண்டாம் என்று குடும்பமே கூடி முடிவு செய்துவிட்டது. நோயைக் குணமாக்க முயலாமல், வலியைத் தணித்துக் கடைசிக் காலத்தைக் கவனித்துக்கொள்ள வீட்டிற்கே வந்து பார்க்கும் ஹோஸ்பிஸ் நிறுவனங்கள் இரண்டில் ஒன்றுக்கு நான்கு நட்சத்திரமும் மற்றொன்றுக்கு மூன்று நட்சத்திரமும் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது, தாதியர் எத்தனை பேர் என்ற கணக்கை எங்கே பார்ப்பது, இங்கே மலேசியாவின் பேராக்கில் படுக்கையில் இருக்கும் தம் தாயாருக்கும் அந்த வழி பயன்படுமா என்று கேட்கிறார்.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டை எழுதியவன். 2023-இல் ஹூஸ்டனில் அத்தானுக்கும், மறு ஆண்டு இங்கே என் அம்மாவுக்கும் ஹோஸ்பிஸ் தேட வேண்டியிருந்ததால், இரண்டு நாட்டு நடைமுறையையும் அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நட்சத்திரத்தைக் கடைசியாகப் பாருங்கள். உயிர் பிரியும் நாள்களில் தாதி நேரில் வந்தாரா என்ற கணக்கை முதலில் பாருங்கள்.

அமெரிக்காவில் முக்கியமாக முதியவர்களுக்கான மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்புறுதியை நடத்தும் சி.எம்.எஸ். என்னும் அரசுத் துறை, ஹோஸ்பிஸ்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே 2017-இல் ஓர் இணையப்பக்கத்தைத் தொடங்கியது. 2020-இல் அது 'கேர் கம்பேர்' என்ற பொதுத் தளத்தோடு சேர்ந்தது. நட்சத்திரம் வந்தது 2022 ஆகஸ்டில்தான். அந்த நட்சத்திரம் எதிலிருந்து பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பது தானே விளங்கும். நோயாளி இறந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகு, அவரைக் கவனித்துக்கொண்ட குடும்பத்தாருக்கு ஒரு கேள்வித்தாள் போகிறது. கேட்டபோது உதவி கிடைத்ததா, வலியைத் தணித்தார்களா, மரியாதையாக நடத்தினார்களா, பராமரிக்கும் முறையை வீட்டாருக்குக் கற்றுத்தந்தார்களா, பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்பன போன்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே நட்சத்திரமாகின்றன. இரண்டு ஆண்டு விடைகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். எழுபத்தைந்து பேராவது நிரப்பி அனுப்பாவிட்டால் அந்த நிறுவனத்திற்கு நட்சத்திரமே கிடையாது. ஆகவே நட்சத்திரம் இல்லாத சிறிய நிறுவனத்தை மோசமானது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

குடும்பத்தாரின் சொல்லுக்கு மதிப்பில்லை என்று நான் கூறவில்லை. அந்த விடைகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்தும் தளத்தில் போட்டிருக்கிறார்கள். அவற்றுள் 'கேட்டபோது உதவி கிடைத்ததா' என்பதையும் 'வலிக்கு உதவினார்களா' என்பதையும் மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். மரியாதைக்கு எல்லா நிறுவனமும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுப்பதில்தான் வேறுபாடு தெரியும்.

இனி, நான் முதலில் பார்க்கச் சொன்ன கணக்கு. இறந்த நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாள்களில், குறைந்தது இரண்டு நாள்களாவது பதிவுபெற்ற தாதியோ மருத்துவச் சமூகப் பணியாளரோ நேரில் வந்து பார்த்த நோயாளிகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அது. தொலைபேசியில் பேசியது இதில் சேராது. இந்த எண், நிறுவனம் மெடிகேருக்கு அனுப்பிய பணக்கோரிக்கைச் சீட்டுகளிலிருந்து எடுக்கப்படுவது. யாருடைய மனக்குறையும் நன்றியுணர்வும் இதில் கலப்பதில்லை. அதே சீட்டுகளிலிருந்து பிறக்கும் இன்னொன்று 'ஹோஸ்பிஸ் கேர் இண்டெக்ஸ்' என்ற பத்துப் புள்ளிக் குறியீடு. ஏழு நாளுக்கு மேல் தாதி எட்டிப் பார்க்காத இடைவெளிகள், ஒரு நாளைக்குச் சராசரியாகத் தாதி செலவிட்ட நிமிடங்கள், வார இறுதியில் அந்த நிமிடங்கள் என்ன ஆகின்றன, நோயாளிகளை உயிரோடு எவ்வளவு பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பன அதில் அடங்கும். பத்துக்குப் பத்து வாங்கியிருப்பதைக் கண்டு அசந்துவிட வேண்டாம். பெரும்பாலும் நாட்டின் கடைசி வரிசையில் நிற்காத எவருக்கும் அந்தப் புள்ளி கிடைத்துவிடும். அதனால் பல நிறுவனங்கள் எட்டு, ஒன்பது என்று நெருங்கியே நிற்கின்றன. இழந்த புள்ளி எது என்பதுதான் முக்கியம். சி.எம்.எஸ். வெளியிடும் தரவுக் கோப்புகளை இறக்கினால் பத்தையும் தனித்தனியே காணலாம். எங்கள் அத்தானுக்காகப் பார்த்த இரண்டில், நட்சத்திரம் கூடிய நிறுவனம் வார இறுதி நிமிடங்களில் புள்ளியை இழந்திருந்தது. கடைசி மூன்று நாள் கணக்கிலும் அது நாட்டுச் சராசரிக்குக் கீழே இருந்தது.

சேர்க்கும்போது வலியைக் கேட்டார்களா, மூச்சுத் திணறலைக் கேட்டார்களா என்ற பழைய மதிப்பீட்டு எண்களும் தளத்தில் இருக்கும். ஏறக்குறைய எல்லாரும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கும் தேர்வு அது, கடந்து செல்லுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் அதற்குப் பதிலாக 'ஹோப்' என்ற புதிய மதிப்பீட்டு முறை வந்திருக்கிறது.

வருகையை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பணம் வரும் வழி. வீட்டில் இருக்கும் நோயாளிக்கு மெடிகேர் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. அன்று தாதி வந்தாலும் வராவிட்டாலும் தொகை அதேதான். ஆள் அனுப்பாத நாள் நிறுவனத்திற்கு மிச்சம். இதைச் சரிசெய்யத்தான் 2016 முதல், கடைசி ஏழு நாளில் தாதியும் சமூகப் பணியாளரும் நேரில் வந்த நேரத்திற்குத் தனியாகக் கூடுதல் பணம் தருகிறார்கள். அப்படியும் போகாத நிறுவனத்திடம் பெரும்பாலும் அனுப்ப ஆள் இருக்காது.

ஆள் கணக்கு எங்கே கிடைக்கும் என்றால், ஹோஸ்பிஸைப் பொறுத்தவரை குடும்பத்தார் பார்க்கத்தக்க கணக்கு வெளியிடப்படுவதில்லை. அதே தளத்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு, சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்த தாதியர் நேரம், ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று இருக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு ஹோஸ்பிஸுக்கும் உண்டென்று தேடி ஏமாறுகிறார்கள். ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிதான் என்ற கூட்டரசு வரம்பும் ஹோஸ்பிஸுக்கு இல்லை. தாதி சேவை இருபத்துநான்கு மணி நேரமும் கிடைக்க வேண்டும், குளிப்பாட்டுவது போன்றவற்றுக்கு வரும் உதவியாளரின் வேலையைத் தாதி பதினான்கு நாளுக்கு ஒருமுறையாவது மேற்பார்க்க வேண்டும் என்பன போன்ற விதிகளே உள்ளன. செக்ரோலில் நூற்றிருபது பேர் இருக்கும் தோட்டத்தில் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பில் எண்பது பேர் நிற்பதை நான் எத்தனையோ நாள் எண்ணியிருக்கிறேன். ஆகையால் 'உங்களிடம் எத்தனை தாதியர்?' என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு வரப்போகும் தாதி இப்போது எத்தனை வீடுகளைப் பார்க்கிறார், அவர் விடுப்பில் போனால் யார் வருவார், சனி இரவு உங்கள் வட்டாரம் முழுவதற்கும் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்று கேளுங்கள். எங்கள் அக்கா கேட்டபோது ஒரு நிறுவனத்துப் பெண்மணி உடனே எண்ணிக்கையைச் சொன்னார். மற்றவர் 'அது நோயாளியின் தேவையைப் பொறுத்தது' என்றார். தோட்ட அலுவலகத்தில் நானும் பலமுறை சொன்ன பதில் அது. ஆள் குறைவாக இருந்த நாள்களில்தான் சொன்னேன்.

அதோடு விடாமல் ஒரு சோதனையும் செய்தோம். ஹூஸ்டனில் சனிக்கிழமை இரவு ஒன்பது மணி, இங்கே ஞாயிறு காலை பத்து. அக்கா ஒரு கைப்பேசியில் இரண்டு நிறுவனங்களின் இரவு எண்களையும் அழைத்து, சேர்க்கை பற்றித் தாதியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று பெயர் கொடுத்தார். இன்னொரு கைப்பேசியின் திரையில் நான், தோசை ஆறிக்கொண்டிருக்க, நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மூன்று நட்சத்திர நிறுவனத்தின் தாதி பன்னிரண்டு நிமிடத்தில் திரும்ப அழைத்தார். நான்கு நட்சத்திரக்காரர் ஐம்பது நிமிடம் கழித்து அழைத்து, திங்கட்கிழமை அலுவலகத்தில் பேசச் சொன்னார். மூன்று நட்சத்திரத்தை எடுத்தோம். அத்தானின் கடைசி மூன்று நாளும் தாதி வந்தார். குளிப்பாட்ட வரும் உதவியாளர் மட்டும் ஆறு வாரத்தில் நான்கு முறை மாறினார்; அக்காவுக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. எந்தக் கணக்கிலும் அது வராது.

ஓர் எச்சரிக்கை. பெரிய நிறுவனங்களுக்குப் பல கிளைகள் இருந்தாலும் மெடிகேர் எண் ஒன்றாகவே இருக்கலாம். அப்போது தளத்தில் காண்பது எல்லாக் கிளைகளுக்கும் சேர்ந்த சராசரி. ஐந்து டிவிசன் உள்ள தோட்டத்தின் சராசரி மகசூலை வைத்துக்கொண்டு மூன்றாம் டிவிசனில் காய் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மேலும், தளத்தில் இருப்பவை முடிந்துபோன காலாண்டுகளின் எண்கள். நிறுவனம் அண்மையில் கைமாறியதா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்குள்ள நிலைமைக்கு வருகிறேன். 1998-ஆம் ஆண்டின் சட்டம் 586, உரிமம் பெற வேண்டிய தனியார் சுகாதார வசதிகளுள் ஹோஸ்பிஸையும் சேர்த்திருக்கிறது. நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கையும் திட்டமும் உண்டு. ஆனால் குடும்பத்தார் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் நட்சத்திரமோ வருகைக் கணக்கோ கிடையாது. வீட்டுக்கு வந்து பார்ப்பவை பெரும்பாலும் கட்டணம் வாங்காத அறப்பணி அமைப்புகள். 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியாவின் வீட்டுச்சேவை கோலாலம்பூரை ஒட்டிய கிள்ளான் பள்ளத்தாக்கைச் சார்ந்தது, மற்ற ஊர்களில் அந்தந்த வட்டார அமைப்புகள். தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் எதையும் ஒப்பிடுவதற்கு முன் கேட்க வேண்டியது, அவர்களுடைய வண்டி நம் வாசல்வரை வருமா என்பதே. செம்பனைக்குள் நான்கு மைல் போக வேண்டிய லயத்து வீட்டையும் பட்டணத்து வீட்டையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. பத்து வீடு பார்க்கும் தாதி, அந்தப் பத்தும் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஓய்வாகவும் இருப்பார், ஓய்ந்தும் போவார்.

ஆகவே அமெரிக்கப் பட்டியலை நம் ஊரில் கேள்வித்தாளாகப் பயன்படுத்துங்கள். கடைசி நாள்களில் தினமும் வருவீர்களா, சனி ஞாயிறில் யார், வலி தணிக்கும் மார்ஃபின் மருந்து தீர்ந்தால் விடுமுறை நாளில் எங்கே வாங்குவது, முடியாத நிலையில் எந்த மருத்துவமனை வார்டில் சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். கடைசிக்கு முந்திய கேள்வியை நான் கேட்கவில்லை. அம்மா இறந்தது ஒரு திங்கட்கிழமை மாலை. சனிக்கிழமை காலையில் மார்ஃபின் புட்டியில் இரண்டு விரற்கடை அளவுதான் இருந்தது. அமைப்பின் எண்ணை அழைத்தேன். எடுத்தவர் கனிவாகப் பேசினார், அளவைக் கூட்டச் சொன்னார், ஆனால் அன்று வர ஆளில்லை என்றார். நாற்பது ஆண்டு பால்வெட்டுக் கத்தி பிடித்த கை அன்று முழுவதும் படுக்கை விரிப்பைப் பிசைந்துகொண்டே இருந்தது. ஞாயிறு பிற்பகல் தாதி மருந்தோடு வந்தார். திங்கள் காலையும் வந்தார், அம்மாவின் வாயைப் பஞ்சால் நனைத்துத் துடைக்கும் முறையைத் தங்கைக்குக் காட்டிக்கொடுத்தார். மூன்று நாளில் இரண்டு நாள். அமெரிக்கக் கணக்குப்படி அது நிறைவான சேவை. பழைய பழக்கத்தில் நான் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தில் சனிக்கிழமைக்கு நேரே 'தொலைபேசி மட்டும்' என்று இருக்கிறது. மருந்துக் கேள்வியைச் சேர்த்த வாரத்திலேயே கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே புட்டியை நிரப்பியிருப்பேன்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எடுத்த முடிவு தவறாகிவிட்டால் அதிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மெடிகேரில் முதல் இரண்டு சேவைக் காலங்கள் தொண்ணூறு நாள் வீதமும், அதன்பின் அறுபது நாள் வீதமும் ஓடும்; ஒவ்வொரு காலத்திலும் ஒருமுறை ஹோஸ்பிஸை மாற்றிக்கொள்ளலாம், சலுகை அறுபடாது. தாதி வந்த நாளையும் நேரத்தையும் முதல் நாளிலிருந்தே அண்ணியாரை எழுதிவைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் முடிவதற்குள் தொடர்வதா மாற்றுவதா என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.