மூன்று விளக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள்: குகை பற்றிச் சில கேள்விகள், சில பதில்கள்

ஷில்லாங்கிலிருந்து சேலம் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. முழங்கையில் சிராய்ப்பு இன்னும் காயவில்லை. தொழில் நில அளவை. வருஷம் முழுக்க வீட்டுமனைக்குக் கல் நடுகிறேன். பிப்ரவரி வந்தால் லீவு போட்டு, கைக்காசைச் செலவழித்து, மேகாலயாவில் குகை அளக்கப் போகும் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறேன். இது ஒன்பதாவது தடவை. பல ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை விட்டுவிடுகிறேன். ஆரம்பிக்கும் முன்பே ஒன்று: எந்தக் குகைக்குள் போனாலும் ஆளுக்கு மூன்று விளக்கு.

நாமக்கல்: அண்ணா, உள்ள போய் எதை அளக்கறீங்க? ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

வாசலோடு சரி. அதற்கப்புறம் தலைக்கு மேல் நூறு அடிப் பாறை. சாட்டிலைட்டுக்கு நாம் இருப்பதே தெரியாது. எனவே வாசலைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அடுத்த புள்ளி, அதிலிருந்து அதற்கடுத்தது என்று சங்கிலி கோர்ப்போம். ஒவ்வொரு புள்ளிக்கும் தூரம், திசை, ஏற்ற இறக்கக் கோணம் என்று மூன்று எண். அதோடு இடது வலது சுவர், கூரை, தரை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதும் வேண்டும். முன்பெல்லாம் டேப், காம்பஸ், சாய்வுமானி என்று மூன்று கருவி. இப்போது டிஸ்டோ-எக்ஸ் என்று ஒன்று. கட்டட வேலைக்கு விற்கும் லேசர் மீட்டருக்குள் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் வடிவமைத்த பலகையைப் பொருத்தினால், ஒரு தட்டில் மூன்று எண்ணும் புளூடூத்தில் போனுக்கு வந்துவிடும்.

ஆனால் எண்ணை வைத்து வரைபடம் ஆகாது. ஒருவர் கருவி பிடிக்க, ஒருவர் முன்னால் போய்ப் புள்ளி குறிக்க, மூன்றாமவர் படம் வரைகிறார். கஷ்டமான வேலை அவருடையதுதான். மற்ற இருவரும் நகர்ந்துகொண்டே இருப்பதால் குளிராது. வரைபவர் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்று, நனையாத தாளில் பென்சிலால் பாறாங்கல், சேறு, நீரோட்டம் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் போடவேண்டும். இந்த முறை படுத்து ஊர வேண்டிய ஒரு சந்தில் லேசர் கண்ணாடி முழுக்கச் சேறு. துடைக்க உடம்பில் உலர்ந்த துணி ஒரு இஞ்ச் கூட இல்லை. கடைசியில் நாக்கால்தான் நக்கிச் சுத்தம் செய்தேன். மேகாலயா சுண்ணாம்புச் சேறு உப்பில்லாத கூழ் மாதிரி இருக்கும். நல்ல நாளில் முந்நூறு, நானூறு மீட்டர். இப்படிச் சந்தாக அமைந்துவிட்டால் எண்பதே பெரிய விஷயம்.

ஸ்ரீரங்கம்: எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து தஞ்சாவூருக்குச் சுரங்கப்பாதை இருப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் குழு வந்து பார்க்குமா?

காவிரி, கொள்ளிடம் வண்டலில் பத்தடி தோண்டினாலே ஊற்று வரும். அதில் சுரங்கம் எப்படி நிற்கும்? எங்கள் குழு வராது ஐயா.

பெங்களூரு: மென்பொருள் துறையில் இருக்கிறேன். புள்ளிக்குப் புள்ளி அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகுமே, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நல்ல கேள்வி. பாதை சுற்றிக்கொண்டு பழைய புள்ளிக்கே வந்து சேருமானால், அதை லூப் என்போம். கணக்குப்படி முடிவும் தொடக்கமும் ஒரே இடத்தில் வரவேண்டும். எத்தனை மீட்டர் தள்ளி வருகிறதோ அதுதான் நம் யோக்கியதை. சர்வெக்ஸ், தீரியன் போன்ற இலவச மென்பொருள்கள் அந்தப் பிழையை எல்லாப் புள்ளிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் பேசாமல் பகிரலாம். மூன்றாவது வருஷம் எனக்கு 640 மீட்டர் லூப்பில் 22 மீட்டர் பிழை வந்தது. ராத்திரி முகாமில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கருவியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தோம் (டிஸ்டோ-எக்ஸுக்கு ஒரு முறை சரிபார்க்க 56 தடவை வெவ்வேறு திசையில் சுட வேண்டும், அரை மணி நேரத் தவம்). கருவி சுத்தம். காரணம் என் மார்புப் பையில் இருந்த போன் உறை. மூடியில் ஒரு குட்டிக் காந்தம். வாங்கும்போது அழகாக இருந்தது. மறுநாள் 640 மீட்டரையும் மறுபடி அளந்தேன்.

உங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு உபரிச் செய்தி. அமெரிக்காவில் ஃபிளின்ட் ரிட்ஜ், மாமத் என்று இரண்டு பெரிய குகைகள். இரண்டும் ஒன்றுதானோ என்று தன்னார்வலர்கள் வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தார்கள். பாட் க்ரௌதர் என்ற பெண்மணி ஆள் நுழையவே முடியாத ஒரு சந்தில் நுழைந்து போனார். அந்தப் பக்கம் சுவரில் 'பீட் எச்' என்று யாரோ பழைய காலத்து ஆள் கீறிய பெயரும் அம்புக்குறியும் இருந்தன. 1972 செப்டம்பர் 9 அன்று குழு அதே வழியில் இன்னும் முன்னே போனது. நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து வெளியே வந்தால், எதிரே மாமத் குகையில் சுற்றுலாப் பயணிகளுக்குப் போட்ட கைப்பிடிக் கம்பி! அந்த அளவை எண்களைக் கணினியில் ஏற்றி வரைந்தவர்கள் பாட் க்ரௌதரும் கணவர் வில்லும். வில்தான் பின்னால் அந்தக் குகையை வைத்து எழுத்தை மட்டும் படித்து ஆடும் முதல் கணினிச் சாகச விளையாட்டை எழுதியவர். இன்று மாமத் 680 கிலோமீட்டருக்கு மேல். உலகிலேயே நீளம்.

மதுரை: கொடைக்கானல் குணா குகையின் உண்மையான ஆழம் எவ்வளவு?

அது சுண்ணாம்பு கரைந்து உண்டான குகையே இல்லை. பாறை விரிசல். வனத்துறை அடைத்து வைத்திருக்கிறது, அடைத்தது நியாயம்.

திருநெல்வேலி: அண்ணாச்சி, குணா குகைக்குள்ள கயிறு கட்டி இறங்கினா…

மேலே உள்ள பதில். இறங்காதீர்கள்.

கோவை (கல்லூரி மாணவி): ஏன் மேகாலயா? தமிழ்நாட்டில் ஏன் பெரிய குகைகள் இல்லை? நீங்கள்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தீர்களா, சார்?

நான் ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை அம்மா. கண்டுபிடித்தவர்கள் ஊர்க்காரர்கள். மேகாலயாவில் வாழும் காசி இனத்தாரின் மொழியில் குகைக்கு 'க்ரெம்'. எந்த க்ரெம் எங்கே என்று மாடு மேய்ப்பவருக்குத் தெரியும். 1992 முதல் ஷில்லாங்கில் உள்ள மேகாலயா சாகசக்காரர்கள் சங்கமும் பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாட்டுத் தன்னார்வலர்களும் வருஷா வருஷம் போய் அளந்து, ஏறத்தாழ 500 கிலோமீட்டரைத் தாளில் ஏற்றியிருக்கிறார்கள். ஜைந்தியா மலையில் உள்ள க்ரெம் லியாட் ப்ரா மட்டும் 31 கிலோமீட்டர் அளவில் வரும். 2018-இல் அளந்து முடித்த க்ரெம் புரி 24.5 கிலோமீட்டர், அது மணற்கல்லில் இருப்பதுதான் விசேஷம், அந்த வகையில் உலகிலேயே நீளமானது.

காரணம் எளிது. சுண்ணாம்புக்கல் வேண்டும், மழை வேண்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, கல்லின் விரிசலில் புகுந்து லட்சக்கணக்கான வருஷம் கரைக்கிறது. மௌசின்ராம், சோஹ்ரா (நம் பள்ளிப் பாடத்துச் சிரபுஞ்சி) பக்கம் வருஷத்துக்குப் பதினோராயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் மலைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ், கரையாத கல். அரியலூரில் சுண்ணாம்பு உண்டு, அது சிமென்டாகப் போகிறது.

சோஹ்ராவுக்குப் பக்கத்தில் க்ரெம் மௌம்லு என்று ஒரு குகை. அங்கே எடுத்த ஒரு கல்முளையில் (சொட்டும் சுண்ணாம்பு நீர் படிந்து தரையிலிருந்து வளரும் கல்) 4,200 வருஷத்துக்கு முன் வந்த பெரும் வறட்சி பதிவாகியிருக்கிறது. அதை வைத்துத்தான் 2018-இல் இப்போது நாம் வாழும் காலத்துக்கு 'மேகாலயன்' என்று பெயர் வைத்தார்கள். கீழே விழுந்து கிடந்தால்கூட இந்த மாதிரிக் கல்லை ஞாபகார்த்தமாகப் பையில் போடாதே என்று நான் கத்துவதற்கு இதுதான் காரணம்.

சென்னை: புதுப் பாதை தெரிந்தால் முதலில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு அளக்கக் கூடாதா?

கூடாது. எங்கள் கூட்டத்தில் அது திருட்டுக்குச் சமம். முதலில் ஓடியவன் சுகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான், அளக்கும் வேலைக்குத் திரும்பி வரமாட்டான். பத்து வருஷம் கழித்து 'அங்கே ஒரு பெரிய மண்டபம் பார்த்தேன்' என்று கதை மட்டும் மிஞ்சும். அளந்துகொண்டே போ, அளக்க முடியாவிட்டால் திரும்பு.

அளந்த தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங்கில் பன்னிரண்டு பையன்களும் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டபோது, மீட்பவர்கள் கையில் இருந்த வரைபடம் 1980களில் பிரெஞ்சுத் தன்னார்வலர்கள் அளந்தது. பையன்களைக் கண்டுபிடித்த பிரிட்டிஷ்காரர்கள் இருவரும் பொழுதுபோக்குக்கு முக்குளிப்பவர்கள்தான். ஒருவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கணினிக்காரர்.

தேனி: அண்ணே, நான் கட்டட கான்ட்ராக்டர். படுத்து ஊர்ற சந்துன்னு சொல்றீங்க, எதுக்கு இந்தப் பாடு? வாசலை ஒடச்சு அகலப்படுத்தி, படி கட்டி, லைட்டு போட்டா ஊர்க்காரனுக்கும் வருமானம் வருமே?

தம்பி, வாசலில் சரிந்து கிடக்கும் கல்லையும் சேற்றையும் நாங்களும் அள்ளுகிறோம். மேலே தொங்கும் பாறைக்கு இரும்புக் குழாயில் முட்டுக் கொடுப்போம், செங்குத்து இறக்கத்தில் துருப்பிடிக்காத ஆணி அடிப்போம். அதோடு நிறுத்திக்கொள்வோம். குகை மூச்சு விடுகிறது. வாசலின் அளவுதான் உள்ளே காற்று, ஈரம், சூடு மூன்றையும் நிர்ணயிக்கிறது. அகலப்படுத்தினால் உள்ளே காய ஆரம்பிக்கும், கல்முளை வளர்வது நிற்கும். பிரான்ஸில் லாஸ்கோ ஓவியக் குகை 1940-இல் கண்டுபிடித்தது. வாசலைப் பெரிதாக்கி 1948-இல் திறந்தார்கள், நாளுக்கு ஆயிரம் பேர் போனார்கள். ஓவியத்தில் பச்சைப் பாசி பிடித்து 1963-இல் இழுத்து மூடினார்கள். பதினேழாயிரம் வருஷம் தாங்கியது பதினைந்து வருஷத்தில் படுத்துவிட்டது.

தேனி: ஓவியம் இருக்கற குகை வேற அண்ணே. ஆந்திராவுல பேலம் குகை? நானே குடும்பத்தோட போனேன். லைட்டு, படி எல்லாம் சூப்பர். அதுல என்ன கெட்டுப்போச்சு?

பேலம் எனக்கும் பிடிக்கும். அதையும் அளந்தது தன்னார்வக் குழுதான். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் 1884-இல் எழுதி வைத்தார். நூறு வருஷம் கழித்து டேனியல் கெபாவர் என்ற ஜெர்மன்காரர் குழுவோடு வந்து 3,229 மீட்டர் அளந்தார். அப்புறம்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு முன் ஊர்க்குப்பையெல்லாம் அதற்குள்தான் விழுந்தது, எனவே திறந்தது நன்மை என்றே வைத்துக்கொள். ஆனால் பேலத்தில் பெரும்பகுதி காய்ந்த பழைய பாதை. மேகாலயாவில் ஆறு உள்ளே ஓடுகிறது. தலைக்கு மேல் நாற்பதடி உயரத்தில் மூங்கில் செருகிக்கொண்டு நிற்கிறது, மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை வருகிறது என்று அர்த்தம். நீ கட்டும் படி ஜூனில் பங்களாதேஷ் போய்ச் சேரும்.

வால்பாறை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், வௌவால் ஆராய்ச்சி செய்கிறேன். வாசலை அகலப்படுத்துவது மட்டுமல்ல, பாதுகாப்புக்கென்று கதவு போடுவதும் ஆபத்து. சாதாரண கிரில் கதவு போட்டு வௌவால் முழுக்க வெளியேறிய குகைகள் உண்டு.

முழுக்கச் சரி. கம்பி கிடைமட்டமாக, இடைவெளி சுமார் 15 செ.மீ என்பது வெளிநாட்டு அளவு, அது சிறிய பூச்சியுண்ணி வௌவாலுக்கு. நம் ஊர்க் குகைகளில் பழந்தின்னியும் இருக்கிறது. உங்களைப் போன்ற ஒருவர் ஒரு வருஷம் உட்கார்ந்து எண்ணாமல் கதவு போடக் கூடாது.

தேனி: படிச்சவங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க. வௌவாலுக்கு வழி விடுவீங்க, ஊர்க்காரன் சோத்துக்கு?

இந்த இடத்தில் என்னிடம் சுத்தமான பதில் இல்லை, தம்பி. அங்கே நிலம் குலத்துக்கோ குடும்பத்துக்கோ சொந்தம். நாங்கள் ஒவ்வொரு ஊரிலும் முதலில் ரங்பா ஷ்னோங், அதாவது ஊர்த்தலைவர் வீட்டில் போய் உட்காருவோம். பாக்கு வெற்றிலை கொடுப்பார்கள். காசிப் பாக்கு பச்சைப்பாக்கு, இரண்டாவது மென்றதில் காது சுடும். போன வருஷம் ஒரு தலைவர் அதைக் கொடுத்துவிட்டு நீ கேட்டதையே கேட்டார்: 'படம் வரைந்து எடுத்துப் போகிறீர்கள், எங்களுக்கு என்ன?' வழிகாட்டிக்கும் சமையலுக்கும் கூலி கொடுக்கிறோம், வரைபடத்தின் ஒரு பிரதி அவர்களுக்கு. அது போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சுண்ணாம்பை வெட்டி விற்றால் இன்றே காசு. அப்போது குகையும் போகும், அதற்குள்ளிருந்து வரும் ஊர்த் தண்ணீரும் போகும். ஒரே ஒரு குகையை, வாசலருகே உள்ள முந்நூறு மீட்டரை மட்டும், ஊராரே வழிகாட்டியாக நின்று காட்டுவது எனக்குச் சம்மதம். மிச்சத்துக்குப் படி வேண்டாம்.

ஈரோடு: உள்ளே ஆக்சிஜன் இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கலாமா?

வேண்டாம். நெருப்பு அணைவது ஆக்சிஜன் குறைவைக் காட்டும். கார்பன் டை ஆக்சைடு ஆபத்தான அளவுக்குக் கூடியிருந்தாலும் தீ எரிந்துகொண்டே இருக்கலாம், உங்களுக்குத் தலை வெடிக்கும், மூச்சு இரைக்கும். இரைத்தால் உடனே திரும்புங்கள். பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கி ஒருவர் மயங்க, காப்பாற்ற இறங்கிய இருவரும் போன செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோமே, அதே கதைதான்.

கும்பகோணம்: எங்க ஊர் கோயில்லேர்ந்து பழையாறைக்கு ஒரு சுரங்கம்…

ஸ்ரீரங்கத்துக்குச் சொன்னதே.

ஓசூர்: ஒரு விளக்கு, நல்ல பிராண்டு, புதுசு. போதாதா?

போதாது. ஒன்று தண்ணீரில் விழும், இன்னொன்று பேட்டரி தீரும். மூன்றாவது உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு.

தேனி: கோவமில்லையே அண்ணே? அடுத்த வருஷம் நானும் வரலாமா?

கோபமென்ன, வா. முட்டுக் கொடுப்பதைத் தொழிலாகவே தெரிந்த ஆள் எங்களுக்கு இல்லை. நீச்சல் கற்றுக்கொள், ஏற்காட்டில் இரண்டு மாதம் கயிறு ஏறிப் பழகு. எத்தனை மணிக்கு வெளியே வருவேன் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வா. காந்தம் வைத்த போன் உறை வேண்டாம். டிரில் மெஷினை வீட்டிலேயே விட்டுவிடு.