கீழக்கரைத் தெருவில் புது வரிசை வீடுகள் ஏன் ஒட்டவில்லை?

நீங்கள் கேட்டது: கடலோர ஊரான கீழக்கரையின் பழைய தெருவில் புதிதாக எழும் வரிசை வீடுகள் அந்நியமாகத் தெரிவது ஏன், பழைய மாதிரியே கட்டினால் தீருமா?

பழைய மாதிரியே கட்ட முடியாது. இந்தக் கரையின் பழைய சுவர்கள் பல, கடலில் வெட்டிய பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். மன்னார் வளைகுடா 1986-இல் தேசியப் பூங்காவானது. 2001-இல் பவளங்கள் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்ந்தன. அந்தக் கல்லுக்கு இனி வழியில்லை, அது நல்லதுதான்.

என் குறை எலிவேஷனில், அதாவது முகப்புத் தோற்றத்தில் இல்லை, தரைத்தளத்தில். பழைய வீட்டில் தெருவைத் தொடுவது திண்ணை. புது வீட்டில் கார் ஷெட்டும் இரும்பு ஷட்டரும். நாலு வீடு இப்படி வரிசையாக நின்றால் தெருவில் உட்கார ஓர் இடம் மிஞ்சாது. முற்றமும் போய்விட்டதால் உள்ளே காற்று ஓடாது, ஏ.சி. ஓடும்.

அப்புறம் உப்பு. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவேற்றும். துரு பருத்துக் காரையைப் பெயர்க்கும். கடலோரக் கட்டடத்துக்குக் கம்பியின் மேல் குறைந்தது 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் படலம்), எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. பல இடங்களில் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிச் சில்லைச் சொருகுகிறார்கள்! பிறகு முகப்பில் பளபளக்கும் தகடு.

செட்டிநாட்டுத் தூணைச் சிமெண்டில் வார்த்து ஒட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். இரண்டடித் திண்ணை, அண்டை வீட்டோடு ஒத்த உயரம், நீண்ட தாழ்வாரம் போதும். ஜன்னலுக்கு அலுமினியம் இருந்துவிட்டுப் போகட்டும்.