ரோடு ஏறிக்கொண்டே போகிறது, வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

கேள்வி: தாம்பரத்துக்குப் பக்கத்தில் 1998-ல் கட்டிய வீடு. அப்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்குப் போவோம், இப்போது வாசலைவிட ரோடு மேலே இருக்கிறது. நல்ல மழை பெய்தால் ஹாலில் தண்ணீர். அடுத்த மாதம் மறுபடியும் தார் போடப்போகிறார்களாம். வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கித் தருகிறேன் என்று ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். வீட்டைத் தூக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரோடு எந்த லெவலில் நிற்கப்போகிறது என்று தெரியாமல் தூக்குவதுதான் தப்பு. சாலை வேலையிலேயே ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் வீட்டு உயரத்தைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி உங்கள் தெருவில்தான் இருக்கிறது, அதை முதலில் கேளுங்கள்.

தெரு ரோட்டில் புதிதாகப் போடும் தார்க் கலவை பெரும்பாலும் 3 அல்லது 4 சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் பழையதை எடுக்காமல் 4 சென்டிமீட்டராக நாலு தடவை போட்டால் 16 சென்டிமீட்டர், அதாவது அரை அடிக்கு மேல், ஒரு படி காலி. நடுவில் பள்ளம் நிரவ ஜல்லி கொட்டியது, குழாய் தோண்டி மூடியது எல்லாம் தனிக்கணக்கு. உங்கள் மூன்று படியும் போனது இப்படித்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பழைய தாரை மில்லிங் மெஷின் வைத்து 4 சென்டிமீட்டர் சுரண்டி எடுத்துவிட்டு அதே 4 சென்டிமீட்டர் போட்டால் ரோடு ஏறாது. இப்படிச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். உத்தரவு இருக்கிறது, மெஷின் இருக்கிறது, எஸ்டிமேட்டில் மில்லிங்குக்குப் பணமும் ஒதுக்குகிறார்கள். அப்புறமும் பல தெருக்களில் என்ன நடக்கிறது? தெருவின் இரண்டு முனையிலும் பத்தடி சுரண்டிவிட்டு, நடுவில் ஜேசிபி பல்லால் கோடு கிழித்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கலவையைக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். விடிந்து நீங்கள் பார்க்கும்போது ரோடு கறுப்பாக அழகாக இருக்கும். சுரண்டினார்களா இல்லையா என்று அதற்கு மேல் யாராலும் கண்ணால் சொல்ல முடியாது.

அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு லெவல் டியூப் (மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து, வீட்டுத் தரை மட்டத்தை அப்படியே வெளி கேட் தூணில் பெயின்ட்டால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கும் நடுரோட்டுக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று டேப்போடு போட்டோ எடுத்து வையுங்கள். ரோடு போட்ட மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். ஏ.இ.யிடம், அதாவது வேலையைப் பார்க்கும் உதவிப் பொறியாளரிடம் போய் “ரோடு ரொம்ப ஏறிடுச்சு சார்” என்றால் அவர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். “இத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, இதோ போட்டோ” என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது மாநகராட்சி ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இவர் அவரைக் கைகாட்டுவார். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் அந்த வேலையின் எஸ்டிமேட் நகலையும், செய்த வேலையை அளந்து எழுதும் எம்-புக் (அளவுப் புத்தகம்) நகலையும் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். எத்தனை சதுர மீட்டர் மில்லிங் செய்ததாக எம்-புக்கில் எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று அதில் வந்துவிடும். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, இப்படிக் கேட்கப்போகிறோம் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுதிக் கொடுத்தால், கேட்க வேண்டிய அவசியமே பல நேரம் வராது.

சுரண்டி எடுத்த கழிவு மெஷினிலிருந்து நேராக டிப்பரில் ஏறிப் போய்விட வேண்டும். அதை ரோட்டோரத்தில் உங்கள் கேட் முன்னாடி கொட்டிப் பரப்பிவிட்டால் ரோடு ஏறாவிட்டாலும் ஓரம் ஏறிவிடும், தண்ணீர் உள்ளேதான் வரும். இன்னொன்று, கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என்று ஒருவர் வந்து, “மீதிக் கலவை இருக்கு, ஏதாவது கொடுங்க, வாசல்ல சரிவு போட்டுத் தர்றேன்” என்பார். வேண்டவே வேண்டாம். அந்தச் சரிவு மழைநீர் வடிகாலுக்குத் தண்ணீர் போகும் வாயை அடைத்துவிடும். பணம் கொடுத்து உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வெள்ளம் வாங்குகிறீர்கள்.

நான் சொன்னதெல்லாம் தார் ரோட்டுக்கு. சிமென்ட் ரோடு என்றால் கதையே வேறு, இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்தார்கள். தார் ரோட்டின் மேலேயே கான்கிரீட் போடும் முறை ஒன்று உண்டு. அதில் கனம் 10 முதல் 20 சென்டிமீட்டர், கனரக வண்டி ஓடும் ரோடு என்றால் 20-க்கும் மேல். மேலே இருக்கிற தாரை 4 சென்டிமீட்டர் சுரண்டினோம் என்று சொல்லிவிட்டு 15 சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டால் 11 சென்டிமீட்டர் ஏறத்தான் செய்யும். மில்லிங்கும் நடந்திருக்கும், உங்கள் வீடும் பள்ளத்துக்குப் போயிருக்கும், கேட்டால் விதிப்படி செய்தோம் என்பார்கள். கான்கிரீட் காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. தாரை மாதிரி அதைச் சுலபமாகச் சுரண்ட முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு யாரும் பணம் ஒதுக்கப்போவதில்லை. ஆகவே சிமென்ட் ரோடு என்று காதில் விழுந்த அன்றே, பழைய ரோட்டை ஜல்லியோடு தோண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேவர் பிளாக் போட்டாலும் இதே கவனம் வேண்டும்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒரு விஷயம். ரோடு போடுகிறவர் ஒருவர், வடிகால் கட்டுகிறவர் ஒருவர், குடிநீர்க் குழாய்க்கு ஒருவர், கேபிளுக்கு ஒருவர். நாலு பேரும் ஒரே நாளில் ஒரே வரைபடத்தைப் பார்த்து, முடிந்த பிறகு ரோட்டு மட்டம் இதுதான் என்று ஒரு எண்ணை எழுதித் தெருமுனையில் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அது நடக்காததால்தான் போன மாதம் போட்ட ரோட்டை இந்த மாதம் வெட்டுகிறார்கள், வீட்டுக்காரர் கடன் வாங்கி வீட்டைத் தூக்குகிறார். தூக்கிய வீட்டின் முன்னால் ரோடு திரும்பவும் ஏறுகிறது.

ஜாக்கி விஷயத்துக்கு வருகிறேன். மில்லிங் இனி ரோடு ஏறாமல் தடுக்கும், ஏறிவிட்டதை இறக்காது. அதனால் கடைசியில் உங்களுக்குத் தூக்க வேண்டிவரலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், தூக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை, அவர் அனுப்புகிற இன்ஜினீயரும் இல்லை. மழை விட்ட மறுநாள் விசிட்டிங் கார்டோடு தெருத்தெருவாக வருகிறவர்களில் பலர் வேலை பிடித்துக் கொடுக்கும் தரகர்கள். அட்வான்ஸ் வாங்குகிறவர் ஒருவர், ஜாக்கி வைக்கிறவர் இன்னொருவர். சதுர அடிக்கு இவ்வளவு என்று அவர்கள் சொல்லும் ரேட் பெரும்பாலும் தூக்குவதற்கு மட்டும்தான். கீழே மண் நிரப்புவது, தரை, டைல்ஸ், குழாய், விரிசல் விட்டால் பூசுவது எல்லாம் யார் செலவு என்று எழுத்தில் வாங்காமல் பேசவே பேசாதீர்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

ரோடு போட்டு முடியட்டும், தூணில் இருக்கும் கோட்டை வைத்து அளந்து பாருங்கள், ஒரு மழையைப் பாருங்கள். அதன் பிறகும் தண்ணீர் உள்ளே வந்தால் இன்ஜினீயரைக் கூட்டிவந்து உயரத்தைக் கணக்குப் போடுங்கள். வீட்டோடு சேர்த்து சம்ப்பின் வாயையும் செப்டிக் டேங்க் மூடியையும் அந்த மட்டத்துக்கு உயர்த்த அப்போதே சொல்லிவிடுங்கள். வீடு மட்டும் மேலே போய் சம்ப் கீழேயே நின்றால் தெருத்தண்ணீர் குடிதண்ணீரில் கலக்கும்.